பட்டர்வொர்த்திலிருந்து பறந்த ஒற்றை விமானம்

பட்டர்வொர்த் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. வீட்டுக்கூரை அதிரும்படி தலைக்கு மேலே விமானம் பறந்துபோனாலும் அண்ணாந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரமிருப்பதில்லை. ஆனால், 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆம் தேதி அந்த விமானத் திடலிலிருந்து கிளம்பிப்போன ஒரு விமானத்தின் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று அணியாகப் புறப்பட வேண்டிய விமானங்கள் பல. போய்ச் சேர்ந்ததோ ஒன்றே ஒன்று! அதை ஓட்டிச் சென்றவர் 28 வயது இளைஞர். பெயர் ஆர்தர் ஸ்கார்ஃப். பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 62ஆம் பிரிவைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர். அவர் செய்த காரியத்துக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் மரியாதை செய்ய நாலரை ஆண்டுகள் பிடித்தன. ஏன் அத்தனை காலம் ஆயிற்று? கடைசியில் அது எப்படி வெளியே தெரிந்தது? அதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இலை போட்டாயிற்று, சோறு வரவில்லை

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் நம் நாட்டில் இருந்த பேச்சு நம் பெரியவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை. வெள்ளைக்காரனை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது! அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள். வெள்ளைக்காரர்களும் நம்பினார்கள்.

மலாயாவை ஆகாய விமானங்களைக் கொண்டே காப்பாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். அதற்காக வடக்கே அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த், கிழக்கே கோத்தா பாரு, குவாந்தான் என்று ஊருக்கு ஊர் விமானத் திடல்கள் அமைத்தார்கள். மலாயாவின் பாதுகாப்புக்கு 336 விமானங்கள் வேண்டுமென்று லண்டனில் இருந்த படைத் தலைவர்கள் 1940ஆம் ஆண்டில் கணக்குப் போட்டார்கள். போர் மூண்ட அன்று போருக்குத் தயாராக இருந்தவை 158தான். பாதிகூட இல்லை! பந்தலும் போட்டாயிற்று, இலையும் போட்டாயிற்று. சோறு மட்டும் வந்து சேரவில்லை என்ற கதைதான்.

ஏன் வரவில்லை? பிரிட்டன் அப்போது ஜெர்மனியோடு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. நல்ல விமானங்களைத் தன் நாட்டுக்கும் மத்திய கிழக்குப் போர்முனைக்கும் ஒதுக்கியது. 1941 ஜூன் மாதத்தில் ஜெர்மனி ரஷ்யாவின்மீது படையெடுத்த பிறகு ரஷ்யாவுக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. மலாயாவின் முறை கடைசியில்தான் வந்தது. ஹரிக்கேன் என்ற நல்ல சண்டை விமானங்கள் 51, பெட்டிகளில் கட்டப்பட்டு சிங்கப்பூர் வந்து இறங்கியது 1942 ஜனவரியில். அதற்குள் வடக்கு மலாயா முழுதும் கை நழுவிப் போயிருந்தது.

இருந்த விமானங்களின் நிலைமையும் சொல்லும்படியாக இல்லை. பஃபலோ என்ற அமெரிக்கச் சண்டை விமானம், ஜப்பானியரின் புதிய விமானங்களோடு வேகத்திலும் திரும்புவதிலும் ஈடுகொடுக்க முடியாதது. ஸ்கார்ஃப் ஓட்டியது பிளென்ஹைம் என்ற குண்டுவீச்சு விமானம். இரண்டு இயந்திரம், மூன்று ஆட்கள், சுமார் 450 கிலோ குண்டு. 1930களின் நடுவில் அது புதிதாக வந்தபோது சண்டை விமானங்களையே முந்திப் பறந்து பேர் வாங்கியது. 1941இல் அது பழசாகிவிட்டது. எதிரி துரத்தினால் தப்பிப்பதற்கு அதில் வேகமும் போதாது. திருப்பிச் சுடுவதற்குத் துப்பாக்கியும் போதாது.

விடிவதற்குள் வந்த போர்

1941 டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியர் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கினார்கள். அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே இங்கே சண்டை ஆரம்பமாகிவிட்டது! கோத்தா பாருவில் இருந்த ஆஸ்திரேலிய விமானிகள் இருட்டிலேயே ஹட்சன் விமானங்களில் கிளம்பி, கப்பல்கள்மீது குண்டு போட்டார்கள். ஒரு கப்பல் தீப்பிடித்து எரிந்தது. ஆனாலும் படை இறங்குவதைத் தடுக்க முடியவில்லை.

அதே வேளையில் சயாம் எல்லைக்கு அப்பால் சிங்கோராவிலும் பட்டாணியிலும் ஜப்பானியர் இறங்கினார்கள். சிங்கோரா விமானத் திடலைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே கெடாமீது விமானங்களை ஏவினார்கள். வடக்கே இருந்த திடல்கள் ஒவ்வொன்றாக அடி வாங்கின. அலோர் ஸ்டாரில் குண்டு விழுந்ததும் 62ஆம் பிரிவு எஞ்சிய விமானங்களோடு தெற்கே பட்டர்வொர்த்துக்கு வந்து சேர்ந்தது.

ஸ்கார்ஃபுக்கு அலோர் ஸ்டார் வெறும் முகாம் அல்ல. அவருடைய விமானப் பிரிவு 1940 முதல் அங்கேதான் இருந்தது. அவருடைய மனைவி சாலி அந்த ஊர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்துவந்தார்.

கண்ணெதிரே எரிந்தவை

மறுநாள் 9ஆம் தேதி ஒரு கட்டளை வந்தது. பட்டர்வொர்த்தில் பறக்கும் நிலையில் உள்ள குண்டுவீச்சு விமானங்கள் எல்லாம் ஒன்றாகச் சென்று, பகல் வெளிச்சத்திலேயே சிங்கோரா திடலைத் தாக்க வேண்டும். பகலில், சண்டை விமானங்களின் துணையில்லாமல் போவது எவ்வளவு ஆபத்து என்பது போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கிளம்பினார்கள்.

முதலில் மேலே எழும்பியது ஸ்கார்ஃபின் விமானம். அவரோடு கூட இருந்தவர்கள் இருவர். வழிகாட்டி சார்ஜென்ட் கால்டர்; துப்பாக்கி இயக்குபவர் ஃபிளைட் சார்ஜென்ட் ரிச். அவர்கள் மேலே எழும்பிய சில நொடிகளில் ஜப்பானிய விமானங்கள் பட்டர்வொர்த் திடல்மீது பாய்ந்தன. வரிசையாக நின்ற விமானங்கள்மேல் குண்டு மழை! சில எரிந்தன, சில நொறுங்கின. பின்தொடர்ந்து வர வேண்டிய ஒரு விமானமாவது மேலே எழும்பவில்லை.

ஸ்கார்ஃப் திடலைச் சுற்றி வட்டமிட்டுப் பார்த்தார். கீழே நடந்த கோரம் முழுதும் அவர் கண்ணில் பட்டது. இனி அணியும் இல்லை, துணையும் இல்லை. அந்த நேரத்தில் அவர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே ஒரு விமானம் போய்க் குண்டு போட்டு ஜப்பானியர் முன்னேற்றத்தை நிறுத்திவிட முடியாது. அது அவருக்கும் தெரிந்தே இருக்கும். ஆனால், கீழே தன் தோழர்கள் எரியும் விமானங்களைக் கையாலாகாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாம் ஒருவராவது போனோம் என்று இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்; பின்னாளில் வெளிவந்த அரசாங்க அறிவிப்பும் அந்தப் பொருள்படவே பேசுகிறது. விமானத்தை வடக்கே திருப்பினார்.

பட்டர்வொர்த்திலிருந்து சிங்கோரா சுமார் 200 கிலோமீட்டர். தனி விமானம் எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்தது. குண்டுகளைப் போட்டது. உடனே ஜப்பானியச் சண்டை விமானங்கள் பல சூழ்ந்துகொண்டன. ரிச் திருப்பிச் சுட்டார். ஸ்கார்ஃப் தரையோடு தரையாக விமானத்தை இறக்கி, வளைத்து வளைத்து ஓட்டினார். ஆனாலும் குண்டுகள் பாய்ந்தன. அவருடைய இடது கை நொறுங்கியது. முதுகில் பெரிய காயம். இரத்தம் ஆறாய்ப் பெருகியது. எதிரி விமானங்களோ மலாயா எல்லை வரும்வரை விடாமல் துரத்தி வந்தன.

விமானம் கீழே விழவில்லை. எப்படி? ரிச் பின்னாலிருந்து தம் தலைவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கால்டர் விமானத்தை ஓட்டக் கை கொடுத்தார். நினைவு போய்ப் போய் வரும் நிலையிலும் ஸ்கார்ஃப் பிடியை விடவில்லை. பட்டர்வொர்த்வரை போக முடியாது என்று தெரிந்தது. வழியில் இருப்பது அலோர் ஸ்டார். அங்கே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நெல்வயலில் விமானத்தை வயிறு தேய இறக்கினார். கூட வந்த இருவருக்கும் காயமில்லை.

மனைவி கொடுத்த இரத்தம்

அடிபட்டுக் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேதான் சாலி இருந்தார். காலையில் எங்கே இருக்கிறாரோ, எப்படி இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டிருந்த கணவரை அந்தக் கோலத்தில் பார்க்கும்படி ஆயிற்று. வீட்டில் ஒருவருக்கு ரப்பர் காட்டில் பாம்பு கடித்தது, லாரி கவிழ்ந்தது என்று சேதி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய அனுபவம் நம் தோட்டத்துப் பெண்களுக்கு உண்டு. சாலிக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. துயரம் அவர் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அவர் தம் இரத்தத்தைக் கொடுத்தார். தாதியாகவும் மனைவியாகவும் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார். பலிக்கவில்லை. ஸ்கார்ஃப் உயிர் பிரிந்தது.

சொல்ல ஆள் இருந்ததால்

ஒரு மாவீரச் செயல் நடந்துவிட்டது. ஆனால் யார் எழுதுவது? எங்கே எழுதுவது? பட்டர்வொர்த் போயிற்று, ஈப்போ, கோலாலம்பூர் போயின, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் சரணடைந்தது. ஆபீசுக் கணக்குகள் எரிந்தன, தொலைந்தன. விமானப்படையினரில் சிலர் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போனார்கள், பலர் கைதிகளானார்கள், பலர் இறந்தார்கள்.

போர் முடிந்த பிறகே, உயிரோடு மிஞ்சியவர்கள் ஊர் திரும்பித் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதைக் கொண்டுதான் ஸ்கார்ஃப் செய்த காரியம் மேலிடத்துக்குத் தெரிந்தது. 1946ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதைக் கணவருக்குப் பதிலாகச் சாலி பெற்றுக்கொண்டார். மலாயாப் போருக்காக அந்த விருதைப் பெற்ற விமானப்படை வீரர் ஸ்கார்ஃப் ஒருவர்தான். கால்டருக்கும் பின்னர் வீரப் பதக்கம் கிடைத்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2022இல், அந்த வெண்கலப் பதக்கம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. கேட்ட விலை 660,000 பவுன்! வெளிநாட்டுக்குப் போய்விடக் கூடாதென்று பிரிட்டிஷ் அரசாங்கம் தடுத்து நிறுத்த, அரச விமானப்படை அருங்காட்சியகம் பணம் திரட்டி அதை வாங்கிக்கொண்டது. கிளிஞ்சல் அளவு வெண்கலத்துக்கா அந்த விலை? இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கதைக்குத்தான். அந்தக் கதையைச் சொல்ல ஆள் மிஞ்சாமல் போயிருந்தால் பதக்கமும் இல்லை, விலையும் இல்லை.

மேலிருந்து பார்த்தது வேறு, கீழிருந்து பார்த்தது வேறு

நினைவில் இருப்பதைச் சொல்வது முக்கியம். ஒருவர் சொல்வதை மட்டும் கேட்பதும் போதாது. இதற்கு ஓர் உதாரணம் உண்டு.

ஸ்கார்ஃப் இறந்த மறுநாள், டிசம்பர் 10ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால் நடுக்கடலில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. சுமார் 840 பேர் மாண்டார்கள். தகவல் தாமதமாகப் போனதால், காவலுக்கு வந்த பஃபலோ விமானங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவற்றுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் டிம் விகர்ஸ் என்ற விமானி. தண்ணீரில் தத்தளித்தவர்கள் தம்மைப் பார்த்து உற்சாகமாகக் கை அசைத்தார்கள் என்று அவர் அறிக்கை எழுதினார். அவர்களுடைய மனத்திடத்தைப் புகழ்ந்தார். ஆனால் கரை சேர்ந்த மாலுமிகள் சிலர் பின்னாளில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “கை அசைக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் வந்தீர்களே என்று முஷ்டியை ஆட்டித் திட்டினோம்” என்ற பொருளில் சொன்னார்கள்!

பொய் சொன்னவர் யாருமில்லை. வானத்திலிருந்து பார்த்தவருக்கு அது கை அசைப்பு. தண்ணீரில் கிடந்தவருக்கு அது வயிற்றெரிச்சல். இரண்டையும் கேட்டால்தான் அன்று நடந்தது விளங்கும்.

அதே விகர்ஸ் மூன்று நாள் கழித்து, டிசம்பர் 13இல், பட்டர்வொர்த் வானத்தில் சுடப்பட்டார். தீக்காயத்தோடு பாராசூட்டில் குதித்துப் பினாங்கு மலைப்பகுதியில் விழுந்தார். அங்கிருந்த மலாய்க்காரர்கள் அவரைக் காப்பாற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். அவர் பிழைத்து, நெடுநாள் வாழ்ந்து, 2003இல் காலமானார். அவருடைய நினைவுகள் 2006இல் புத்தகமாக வந்தன. விமானியின் பெயர் புத்தக அட்டையில் இருக்கிறது. அவரைச் சுமந்தவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கீழே நின்றவர்களின் கதைக்கும் குறைவில்லை. டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு மேலே விமானங்கள் கூட்டமாக வந்தபோது, ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த நிமிடம் குண்டு விழுந்தது, ஏராளமானோர் மாண்டார்கள். சில நாளில் ஐரோப்பியர்கள் இரவோடிரவாகத் தீவைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். விட்டுச் செல்லப்பட்ட மக்களைக் கவனிக்க ஊர்ப் பெரியவர்கள் குழு அமைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய சரவணமுத்து ஒரு தமிழர், பத்திரிகையாசிரியர். கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர்தான்.

ஸ்கார்ஃப் போன்றோர் உயிரைக் கொடுத்ததும் உண்மை. ஆள வந்தவர்கள் நம் மக்களை நட்டாற்றில் விட்டுப் போனதும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

தைப்பிங் மண்ணில்

ஸ்கார்ஃபின் கல்லறை இப்போது தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சடக்கின் இருபுறமும் அது பரந்து கிடக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்துவ வீரர்கள். மறுபக்கம் இந்தியப் படையில் சேர்ந்து இங்கே வந்து மாண்ட இந்து, முஸ்லிம் வீரர்கள். அங்கே 800க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் யாரென்றே அடையாளம் தெரியாதவர்கள்.

தைப்பிங் பக்கம் போகும்போது பிள்ளைகளை ஏரித்தோட்டத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் அழைத்துப்போகிறோம். அப்படியே கொஞ்சம் தள்ளிப் போய் இந்த இடத்தையும் காட்டலாம். கட்டணம் எதுவும் இல்லை. புல்தரையும் அமைதியும் இருக்கின்றன. பெயருள்ள கல்லையும் பெயரில்லாத கல்லையும் அடுத்தடுத்துப் பார்க்கிற பிள்ளைக்குப் போர் என்றால் என்னவென்று நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

நம் வீட்டில் இருப்பவர்கள்

கல்லாவது கிடைத்ததே, அது ஒரு பாக்கியம். 1943ஆம் ஆண்டில் நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிச் செல்லப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். பல்லாயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. அங்கே காஞ்சனபுரியில் கைதிகளாக இறந்த போர்வீரர்கள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. காரணம் ஒன்றுதான். அந்தப் படைகளிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. தேடிப் போக ஆட்கள் இருந்தார்கள். திரும்பியவர்கள் சொன்னதை எழுதிக்கொள்ள அரசாங்கம் இருந்தது. திரும்பி வந்த நம்மவர்களோ மறுநாளே பெரட்டுக்குப் போய் நின்றார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்டவர் யார்?

சிங்கப்பூரில் 1980களின் தொடக்கத்திலிருந்து ஜப்பானியர் காலத்தை நேரில் பார்த்த பலரின் குரலை ஒலிநாடாவில் பதிந்து பத்திரப்படுத்தினார்கள். அது அரசாங்கத்தால் ஆன காரியம். ஒவ்வொரு வீட்டாலும் ஆகக்கூடிய காரியமும் ஒன்று இருக்கிறது.

1941இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். விமானம் வந்தபோது எங்கே ஒளிந்தீர்கள்? எந்தத் தோட்டம்? கங்காணி யார்? கிராணி யார்? மரவள்ளிக் கிழங்கு தின்று எத்தனை நாள் ஓட்டினீர்கள்? சயாமுக்குப் போனவர்கள் யார் யார்? சொல்லும் பெயரையும் ஊரையும் அப்படியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து வையுங்கள். அந்தத் தலைமுறையில் யாரும் இல்லையென்றால், அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள். ஒருவர் சொன்னதோடு நிறுத்திவிடாமல் இன்னொருவரையும் கேளுங்கள்.

தன்னந்தனியாக ஒருவர் வானத்தில் செய்த காரியம், கூட இருந்தவர்கள் வாய் திறந்ததால் நிலைத்தது. தோட்டத்தில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து, கூட்டம் கூட்டமாகத் துன்பப்பட்டவர்களின் கதை, கேட்க ஆளில்லாததால் அழிந்துபோனால் அந்தக் குறை நம்முடையதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்கத் தொடங்கலாம்.